காலை ஏழு மணிக் கஞ்சியும் காசநோய் மாத்திரையும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள கோயில் கமிட்டிக்காரர்கள் என்னைக் கூப்பிட்டால் பெரும்பாலும் ஒரே விஷயத்துக்குத்தான். "சிஸ்டர், ரோட்டில் படுத்துக் கிடப்பவர்களுக்கு இந்தப் புரட்டாசிக்கு என்ன கொண்டுவரலாம்? வெஜ் பிரியாணியா, பீன்ஸ் கறியும் ரொட்டியுமா, இல்லை போர்வையா?" வீடற்றவர்களைத் தேடிப்போய் மருந்து கொடுக்கும் குழுவில் நான் நர்ஸ். என் பதிலும் எப்போதும் ஒன்றுதான். என்ன வேண்டுமானாலும் கொண்டுவாருங்கள். ஆனால் காலை ஏழு மணிக்கு, தினமும், அதே இடத்துக்கு. பாதிப் பேர் அத்தோடு போனை வைத்துவிடுவார்கள். விசேஷ நாளில் ஆயிரம் பேருக்குப் பந்தி போடுவது நம் ஆட்களுக்குச் சுலபம். சாதாரண புதன்கிழமைக் காலையில் இருபது பேருக்குக் கஞ்சி ஊற்றத்தான் ஆள் கிடைக்காது.

நேரத்தைப் பிடித்துக்கொண்டு ஏன் தொங்குகிறேன் என்று சொல்ல, 2020-க்குப் போக வேண்டும்.

மார்ச் 26 நள்ளிரவு தென்னாப்பிரிக்கா முழுக்க லாக்டவுன் தொடங்கியது. தெருவில் இருந்தவர்களை நகராட்சிகள் கூட்டிக்கொண்டுபோய் மைதானங்களிலும் கூடாரங்களிலும் வைத்தன. கேப்டவுனில் ஸ்ட்ராண்ட்ஃபோண்டைன் மைதானத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பெரிய பெரிய கூடாரங்களில் அடுக்கினார்கள். நோய் பரவாமல் தடுக்க மக்களைப் பிரித்து வைக்கச் சொன்ன அதே நாள்களில் இந்த ஏற்பாடு! எதிர்ப்புக் கிளம்பி மே மாதமே அந்த முகாமை மூட வேண்டியதாயிற்று. டர்பனிலும் கூடாரங்கள் எழுந்தன. சாப்பாடு வந்தது, மெத்தை வந்தது. ஆனாலும் இரண்டாவது நாளே வேலி தாண்டி ஓடுகிறவர்கள் இருந்தார்கள். "சும்மா கிடைக்கிற சோற்றை விட்டுட்டு ஓடுறானுங்க பாரு" என்று நம் வாட்ஸாப் குழுக்களில் அப்போது ஓடிய பேச்சு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஓடினவர்களுக்கு இருந்தது அரோஸ்தா. வூங்கா புகைப்பவர்கள், அது கிடைக்காதபோது வரும் உடல் வேதனையை இப்படித்தான் சொல்கிறார்கள். வூங்கா என்பது கலப்படம் செய்த மட்டமான ஹெராயின். கடைசியாக எடுத்து அரை நாள் ஆவதற்குள் மூக்கு ஒழுகும், கொட்டாவி விடாமல் வரும், உடம்பெல்லாம் புல்லரிக்கும். அப்புறம் எலும்புக்குள் குடைச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு. இரண்டாம் மூன்றாம் நாள்தான் உச்சம். முழுதாக அடங்க ஒரு வாரமாவது ஆகும். அந்த நிலையில் இருப்பவனுக்குப் போதை ஏறவேண்டும் என்ற எண்ணமே இல்லை, இது நின்றால் போதும் என்றிருக்கும். அவன் முன்னால் பிரியாணியை வைத்தால் வாசனைக்கே வாந்தி எடுப்பான்.

மதுவுக்கு அடிமையானவர்கள் நிலைமை இதைவிட ஆபத்து. லாக்டவுன் தொடங்கிய அன்றே மது விற்பனையும் தடை; ஜூன் 1 வரை கடை திறக்கவில்லை. வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் ஓரிரு நாளில் வலிப்பு வரலாம், பித்துப் பிடித்தவர்போலப் பிதற்றலாம், உயிரே போகலாம். கை நடுங்குகிறது, வேர்த்துக் கொட்டுகிறது, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் அவரை ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். "நல்லதுதான், இப்படியாவது விட்டுத் தொலையட்டும்" என்று விடுவது கொலைக்குச் சமம்.

டர்பனில் அப்போது நடந்த ஒரு நல்ல காரியம் வெளியே அதிகம் தெரியாது. மோசஸ் மபிடா ஸ்டேடியத்தின் வாகன நிறுத்தத்தில் தங்கவைத்தவர்களுக்கு மெத்தடோன் கொடுத்தார்கள். தினம் ஒருவேளை வாய்வழியாகக் குடிக்கும் மருந்து அது. அரோஸ்தாவை அடக்கும்; சரியான அளவில் கொடுத்தால் மயக்கமோ கிறக்கமோ இருக்காது. உலக சுகாதார அமைப்பு 2005-இலேயே இதை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆனால் இங்கே அரசுக் கிளினிக்கில் ஏழைக்கு அது கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. மருந்து வந்ததும் ஆள்கள் தங்க ஆரம்பித்தார்கள்; சாப்பிட்டார்கள், தூங்கினார்கள், வீட்டுக்குப் போன் பண்ண வேண்டும் என்று கேட்டார்கள். அந்த முயற்சியிலிருந்துதான் போதைப் பழக்கம் உள்ளவர்களுக்கான பெல்ஹேவன் மையம் உருவானது. ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா என்று கோயில் கூட்டங்களில் கேட்கிறார்கள். சர்க்கரை நோயாளி இன்சுலின் போட்டால் நாம் அப்படிக் கேட்பதில்லை.

சரி, கொரோனா போய்விட்டது. காசநோய் போகவில்லை. தெருவில் இருமுகிறவர்களில் நான் முதலில் சந்தேகிப்பது அதைத்தான். சிகிச்சை அரசுக் கிளினிக்கில் இலவசம். சாதாரண காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை. கேட்க எளிது.

வார்விக் மேம்பாலத்துக்குக் கீழே படுக்கும் ஒருவர், நாற்பதைத் தாண்டியவர், மெத்தடோனில் நன்றாக நிலைத்திருந்தார். சளிப் பரிசோதனையில் காசநோய் தெரிந்து மாத்திரை ஆரம்பித்தோம். சில நாள் கழித்து மாத்திரை அட்டையோடு வந்து என் மேசையில் வைத்தார். பாதி மாத்திரை அப்படியே இருந்தது. "சிஸ்டர், இந்தச் சிவப்பு மாத்திரை அரோஸ்தாவைத் திரும்பக் கொண்டுவருகிறது. இருமிச் சாவதே மேல்" என்றார். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, கை மயிர் குத்திட்டு நின்றது. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. காசநோய் மாத்திரையில் இருக்கும் ரிஃபாம்பிசின், கல்லீரலை முடுக்கிவிட்டு மெத்தடோனை வேகமாகக் கரைத்துவிடும். நேற்றுவரை போதுமாக இருந்த அளவு இன்று போதாது. டாக்டர் மெத்தடோனை மெதுவாக ஏற்றிக் கொடுத்தார், ஆள் சிகிச்சைக்குத் திரும்பினார். இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. ஆறு மாதம் முடிந்து ரிஃபாம்பிசினை நிறுத்தியதும் மெத்தடோனைத் திரும்ப இறக்க வேண்டும். மறந்தால் அதே அளவு மூச்சை அடக்கிவிடும். எச்ஐவியும் இருப்பவர் என்றால், காசநோய் சிகிச்சை நடக்கும்வரை எச்ஐவி மருந்தான டோலுடெக்ராவிரை ஒருவேளைக்குப் பதில் இருவேளை எடுக்க வேண்டும். இத்தனைக்கும் அவரிடம் கடிகாரம் கிடையாது. மாத்திரையை வைக்க அலமாரி கிடையாது. தெருவைச் சுத்தம் செய்யும் நாளில் பை போனால் மாத்திரை, அடையாள அட்டை, கிளினிக் அட்டை எல்லாம் சேர்ந்து போகும்.

இப்போது புரிந்திருக்கும், ஏன் ஏழு மணி என்று. தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கஞ்சி கிடைத்தால் ஆள் அங்கே வருவார். அவர் வந்தால் நாங்கள் மருந்தை அங்கேயே கையில் கொடுத்து விழுங்கவைப்போம். அவர் ஒருநாள் வராவிட்டால் அன்றே தெரிந்துவிடும், தேடிப்போகலாம். காசநோய் மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுக் கொஞ்ச நேரம் கழித்துச் சாப்பிடுவது நல்லது என்பதால், முதலில் மாத்திரை, அப்புறம் பேச்சு, அப்புறம் கஞ்சி என்று வைத்திருக்கிறோம். வெறும் வயிற்றில் குமட்டுகிறவர்களுக்குக் கொஞ்சம் சாப்பாட்டோடு கொடுத்துவிடுவோம். மாத்திரை போடாமல் இருப்பதற்கு அது எவ்வளவோ மேல். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும் என்பதை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ரத்தம் என்று பயந்து நிறுத்திவிடுவார்கள். எம்மானுவேல் கதீட்ரல் பக்கத்தில் உள்ள டெனிஸ் ஹர்லி மையத்தில் சாப்பாடும் கிளினிக்கும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. கமிட்டிக்காரர்கள் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

அடுத்தது நாம் பேச விரும்பாத விஷயம். வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் ஜூலுக்காரர்கள் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். நம் இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வர்த்தில் 2000-களின் நடுவில் 'சுகர்ஸ்' என்ற மலிவு ஹெராயின் கலவை வந்து எத்தனை வீடுகளைக் கெடுத்தது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். அந்தப் பிள்ளைகளில் சிலர் இன்று நகர மையத்து நடைபாதையில் இருக்கிறார்கள். கோயில் வேன் வந்தால் அவர்கள்தான் முதலில் மறைவார்கள். ஒரு பையன் மற்றவர்கள் முன்னால் என்னைச் சிஸ்டர் என்பான், தனியாக இருந்தால் அக்கா என்பான். ஒருநாள் கேட்டான்: "அக்கா, எனக்கு மட்டும் அந்தச் சுவருக்குப் பின்னால் கொண்டுவந்து தரமுடியுமா? அந்த வேனில் இருக்கிற ஆயாவுக்கு எங்க அம்மாவைத் தெரியும்." நோய்க்காலத்தில் இவனைத்தான் நாங்கள் தவறவிடுவோம், ஏனென்றால் எந்த வரிசையிலும் இவன் இல்லை. ஆகவே தட்டு கொடுக்கும்போது போட்டோ எடுக்காதீர்கள். "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று விசாரிக்காதீர்கள். கோயில் பேஸ்புக் பக்கத்துக்குப் படம் வேண்டுமென்றால் அண்டாவைப் படம் எடுத்துப் போடுங்கள்.

கிளினிக்கில் விலாச அத்தாட்சி இல்லை என்று திருப்பி அனுப்பினால் கூடப் போய் நில்லுங்கள். படித்தவர் ஒருவர் பக்கத்தில் நின்றாலே பாதி கதவு திறந்துவிடும். அசிங்கமான உண்மைதான், ஆனால் பயன்படுத்திக்கொள்வோம். அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக்கூடாது என்று அரசியல் சட்டத்தின் 27(3) பிரிவு சொல்கிறது. அதைச் சத்தமில்லாமல் நினைவூட்டினால் போதும், சண்டை வேண்டாம்.

கடைசியாகத் தொண்டர்களுக்கு. மெத்தடோனை நீங்கள் வாங்கி வைத்துக் கொடுக்கக்கூடாது, அது கட்டுப்பாட்டு மருந்து. மூன்று நாளோ அதற்கு மேலோ தவறவிட்டவர் பழைய அளவை அப்படியே குடிக்கவும் கூடாது. உடம்பு பழக்கம் விட்டிருக்கும், அதே அளவு ஆளைக் கொன்றுவிடலாம். முதலில் எங்களிடம் அனுப்புங்கள். முகாமிலிருந்தோ ஜெயிலிலிருந்தோ ஆஸ்பத்திரியிலிருந்தோ வெளியே வந்து திரும்ப வூங்கா எடுப்பவருக்கும் இதே ஆபத்துதான். எழுப்பினாலும் எழவில்லை, உதடு நீலமாகிறது, குறட்டைபோல மூச்சு இழுத்து இழுத்து வருகிறது என்றால் தூக்கம் என்று விட்டுப் போகாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், பக்கத்திலேயே இருங்கள். ஆம்புலன்ஸுக்கு 10177, செல்போனிலிருந்து 112-உம் போகும். மேம்பாலத்தில் எந்தத் தூண், எந்தக் கடைக்கு எதிரே என்று சொல்லுங்கள், தெருப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வண்டிக்காரரால் கண்டுபிடிக்க முடியாது.