போர்டு நட்டால் காப்பகம் ஆகிவிடுமா? குறுநாடுகளும் அண்டார்டிகா விதிகளும்

அண்டார்டிகாவின் மேற்குக் கரையை ஒட்டி சைப்பிள், செர்ரி, மாஹர், பிராங்கி, கார்னி என்று ஐந்து தீவுகள் இருக்கின்றன. இந்த ஐந்தும் தன்னுடையவை என்கிறது ஃபிளாண்ட்ரென்சிஸ் என்ற 'நாடு'. பெல்ஜியத்துக்காரரான நீல்ஸ் வெர்மியர்ஷ் 2008இல் ஆரம்பித்தது, அவரேதான் அதன் கிராண்ட் டியூக். இந்த மாதிரித் தாங்களே அறிவித்துக்கொண்ட, வேறு யாரும் அங்கீகரிக்காத நாடுகளைத்தான் குறுநாடுகள் என்கிறோம். பெரும்பாலும் விளையாட்டு, கொஞ்சம் தபால்தலை, கொஞ்சம் பட்டம் பதவி, அவ்வளவுதான் என்று நினைத்துத் தாண்டிப் போகலாம். ஆனால் ஃபிளாண்ட்ரென்சிஸ் நிலம் கேட்கும் காரணம் வித்தியாசமானது. அங்கே போய்க் குடியேறுவதற்காக இல்லை; மனுஷன் காலே படக் கூடாது, பென்குவினுக்கும் பனிக்கும் மட்டும் அந்த இடம் இருக்கட்டும் என்பதற்காக. 2021இல் பெல்ஜியச் சட்டப்படி லாப நோக்கற்ற அமைப்பாகவும் பதிவு செய்துகொண்டார்கள்.

அதே பக்கத்தில் இன்னொன்று, வெஸ்டார்க்டிகா. டிராவிஸ் மெக்ஹென்றி என்ற அமெரிக்கர் 2001இல் தொடங்கியது. எந்த நாடும் உரிமை கோராத மேரி பேர்ட் நிலப்பகுதி முழுவதையும் அவர் கேட்டார், சுமார் 16 லட்சம் சதுர கிலோமீட்டர், இந்தியாவில் ஏறக்குறைய பாதி. அதுவும் இப்போது அமெரிக்காவில் பதிவான லாப நோக்கற்ற அமைப்பு, சூழல் பாதுகாப்புதான் வேலை என்கிறது.

சரி, ஒரு குறுநாடு தனக்கென்று ஒரு இயற்கைக் காப்பகத் துறையை வைத்துக்கொண்டு, "இந்தத் தீவு இன்றுமுதல் பாதுகாக்கப்பட்ட பகுதி" என்று ஆணை போட்டால் அது செல்லுமா? செல்லாது. இதைச் சொல்ல ஒரு வரி போதும். ஆனால் ஏன் செல்லாது, அப்படியானால் எப்படிச் செய்தால் செல்லும் என்று பார்க்கப் போனால் அண்டார்டிகாவில் ஒரு பாதுகாக்கப்பட்ட பகுதி எப்படிப் பிறக்கிறது என்ற முழு விதியும் வெளியே வந்துவிடுகிறது. நான் எழுத உட்கார்ந்தது அதற்காகத்தான்.

முதலில் நிலம் யாருடையது என்ற பஞ்சாயத்து. 1959 டிசம்பர் 1ஆம் தேதி வாஷிங்டனில் 12 நாடுகள் அண்டார்டிகா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன, 1961இல் அது அமலுக்கு வந்தது. அதற்கு முன்பே ஏழு நாடுகள் ஆளுக்கொரு துண்டுக்கு உரிமை கோரியிருந்தன: பிரிட்டன், பிரான்ஸ், நார்வே, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அர்ஜென்டினா, சிலி. ஒப்பந்தத்தின் 4ஆவது பிரிவு அந்த உரிமைகளைச் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை, இருந்த இடத்திலேயே உறைய வைத்துவிட்டது. ஒப்பந்தம் இருக்கும்வரை புதிதாக யாரும் உரிமை கோரவும் கூடாது, பழையதைப் பெரிதாக்கவும் கூடாது. குறுநாட்டுக்காரர்கள் பிடித்துக்கொள்ளும் ஓட்டை இங்கேதான் இருக்கிறது. இந்தத் தடை நாடுகளுக்குத்தானே, தனி மனிதனுக்கு இல்லையே என்பது அவர்கள் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. புறம்போக்கில் வேலி போட்டுவிட்டு, "அரசாங்கம் போடக் கூடாது என்றுதான் சட்டம், நான் போடக் கூடாது என்று எங்கே இருக்கிறது?" என்று கேட்கிற மாதிரி.

வாதம் இரண்டு இடத்தில் உதைக்கிறது. தனி மனிதன் நிலத்தைக் கேட்டால் அதற்குப் பட்டா கொடுக்கிற ஒரு அரசு பின்னால் வேண்டும். இங்கே எந்த அரசும் இல்லை. இன்னொன்று, அந்தத் தனி மனிதனும் ஏதோ ஒரு நாட்டின் குடிமகன்தான். பெல்ஜியம் அந்த முதல் 12 நாடுகளில் ஒன்று. ஆக கிராண்ட் டியூக் தன் 'சொந்தத்' தீவுக்கே போக நினைத்தாலும் பெல்ஜியத்தின் அண்டார்டிகா விதிகளுக்குக் கட்டுப்பட்டுத்தான் போக வேண்டியிருக்கும். யாரும் போகக் கூடாது என்பதே அவருடைய கொள்கை என்பதால் அவருக்கு இதில் பெரிய வருத்தம் இருக்காது.

இனி உண்மையான விதி. ஒப்பந்தத்தோடு சேர்ந்து ஒரு சுற்றுச்சூழல் நெறிமுறை இருக்கிறது, 1991இல் மாட்ரிட்டில் கையெழுத்தாகி 1998இல் அமலுக்கு வந்தது. அண்டார்டிகாவில் கனிமம் தோண்டுவதை, அறிவியல் ஆராய்ச்சி நீங்கலாக, முழுசாகத் தடை செய்தது இதுதான். 2048இல் இந்தத் தடை காலாவதியாகிவிடும் என்று அடிக்கடி பரப்புகிறார்கள், அப்படி எதுவும் இல்லை. அமலுக்கு வந்து 50 வருஷம் கழித்து ஆலோசனை நாடு (ஒப்பந்தக் கூட்டத்தில் முடிவெடுக்கும் உரிமை உள்ள உறுப்பு நாடு) எதுவும் மறுபரிசீலனை மாநாடு கேட்கலாம் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது. நமக்கு வேண்டியது இந்த நெறிமுறையின் 5ஆவது இணைப்பு. 2002இல் அமலான இதுதான் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கான சட்டப் புத்தகம்.

இரண்டு வகைப் பகுதிகள் இதில் உண்டு. சிறப்புப் பாதுகாப்புப் பகுதி, சுருக்கமாக ஆஸ்பா. பெர்மிட் இல்லாமல் உள்ளே நுழையவே கூடாது. மற்றது சிறப்பு மேலாண்மைப் பகுதி, சுருக்கமாக ஆஸ்மா. இந்தப் பெயரைப் பார்த்ததும் மூச்சிரைப்பு ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை. ஒரே இடத்தில் பல நாட்டு நிலையங்கள், விமானம், ஆராய்ச்சி எல்லாம் நெருக்கியடிக்கும்போது ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் இருக்க ஏற்படுத்துவது ஆஸ்மா. நுழைய பெர்மிட் தேவையில்லை, ஆனால் நடந்துகொள்ள வேண்டிய முறை உண்டு. ஆஸ்பாக்கள் 70க்கும் மேல் இருக்கின்றன, ஆஸ்மாக்கள் விரல்விட்டு எண்ணலாம்.

எந்த இடம் ஆஸ்பா ஆகலாம்? இணைப்பின் 3ஆவது பிரிவு ஒரு வரிசை தருகிறது. முக்கியமான பறவை, விலங்குக் கூட்டங்கள் இனப்பெருக்கம் செய்யும் இடங்கள், ஓர் உயிரினத்துக்குத் தெரிந்த ஒரே வாழிடம், ஆராய்ச்சி நடக்கும் இடங்கள் என்று அது போகும். அந்த வரிசையில் முதலாவதாக நிற்பது என்ன தெரியுமா? மனிதத் தலையீடே இல்லாமல் தொடாமல் வைக்க வேண்டிய பகுதிகள். மனிதன் பாதித்த இடங்களோடு பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க, கைபடாத இடம் ஒன்று வேண்டுமே, அதற்காக. ஃபிளாண்ட்ரென்சிஸ் கேட்பதும் கிட்டத்தட்ட இதைத்தான்! மாஹர் தீவில் அடேலி பென்குவின்கள் பெரிய கூட்டமாக முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன, ஆக பறவைக் கணக்கிலும் அது கேட்கத் தகுதியான இடம்தான். அவர்கள் ஆசைக்குச் சட்டத்தில் ஏற்கெனவே இடம் இருக்கிறது. மனுவைக் கொடுக்கத்தான் அவர்களால் முடியாது.

மனு யார் கொடுக்கலாம் என்பதை 5ஆவது பிரிவு சொல்கிறது. ஒப்பந்த உறுப்பு நாடு ஏதாவது ஒன்று கொடுக்கலாம், அல்லது சுற்றுச்சூழல் பாதுகாப்புக் குழு, அல்லது ஸ்கார் என்ற அறிவியல் குழு, அல்லது கடல் உயிர்வளத்தைக் கவனிக்கும் ஹோபார்ட் ஆணையம். அத்தோடு முடிந்தது. கொடுப்பதும் "இதைக் காப்பகம் ஆக்குங்கள்" என்று ஒரு பக்கக் கடிதம் இல்லை, முழு மேலாண்மைத் திட்டத்தின் வரைவு. இடத்தின் மதிப்பு என்ன, எதைக் காக்கப் போகிறோம், எல்லை எங்கே, வரைபடம், ஆயத்தொலைகள், எந்தப் பக்கமாக இறங்க வேண்டும், ஹெலிகாப்டர் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும், கூடாரம் போடலாமா, என்ன பொருள் கொண்டுபோகக் கூடாது, கழிவை எப்படித் திருப்பிக் கொண்டுவர வேண்டும், பெர்மிட் யாருக்கு எந்த நிபந்தனையில், போய் வந்தவர் என்ன அறிக்கை தர வேண்டும் என்று ஒவ்வொன்றும் அதில் இருந்தாக வேண்டும்.

அந்த வரைவு சுற்றுச்சூழல் பாதுகாப்புக் குழுவுக்கும் ஸ்காருக்கும் போகும். கடல் சேர்ந்திருந்தால் ஹோபார்ட் ஆணையத்தின் முன் ஒப்புதல் இல்லாமல் நகராது. பிறகு ஒப்பந்த நாடுகளின் வருடாந்தரக் கூட்டத்தில் ஆலோசனை நாடுகள் 29ம் ஒத்துக்கொள்ள வேண்டும், ஓட்டெடுப்பு கிடையாது. கூட்டம் முடிந்து 90 நாள்களுக்குள் யாரும் ஆட்சேபிக்காவிட்டால் அமலாகிவிடும். போட்டதோடு மறந்துவிடவும் முடியாது, குறைந்தது ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை திட்டத்தை எடுத்து மறுபடி பார்க்க வேண்டும். உள்ளே போகிறவர் பெர்மிட் நகலைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்பதும் விதிதான். மனித உயிர், கப்பல், விமானம், மதிப்புமிக்க கருவிகள், சுற்றுச்சூழல் இவற்றைக் காக்க வேண்டிய அவசரத்தில் மட்டும் விலக்கு.

நமக்குத் தெரிந்த உதாரணம் சொன்னால் இது இன்னும் விளங்கும். ஷிர்மாக்கர் பாலைச்சோலைக்கு, அதாவது நம் மைத்ரி நிலையம் இருக்கும் பனியில்லாப் பாறைப் பகுதிக்குப் பக்கத்தில், தக்ஷிண் கங்கோத்ரி என்றொரு பனிப்பாறை இருக்கிறது. அதன் முனை எவ்வளவு பின்வாங்குகிறது என்று இந்திய விஞ்ஞானிகள் 1983 முதல் அளந்துவருகிறார்கள். வேறு யாராவது வந்து மிதித்துத் தொடர்ச்சியைக் கெடுத்துவிடக் கூடாது என்று இந்தியா வரைவு கொடுத்து, 2005இல் அது 163ஆம் எண் ஆஸ்பா ஆனது. அதன்மேல் இந்தியாவுக்கு உரிமை எதுவும் கிடையாது, இந்தியா அண்டார்டிகாவில் ஒரு அடி நிலம்கூடக் கோரியதில்லை. ஆனாலும் காப்பகம் ஆனது. லார்ஸ்மன் குன்றுகளும் அப்படித்தான். நம் பாரதி நிலையம் அங்கேதான் இருக்கிறது, ரஷ்யாவும் சீனாவும்கூட அங்கே நிலையம் வைத்திருக்கின்றன. 2007இல் டெல்லியில் கூட்டம் நடந்தபோது ஆஸ்திரேலியா, சீனா, இந்தியா, ருமேனியா, ரஷ்யா ஐந்தும் சேர்ந்து கேட்டு அது 6ஆம் எண் ஆஸ்மா ஆனது.

நிலத்தின் சொந்தக்காரர் யார் என்ற கேள்வியைத் தொடாமலேயே இதெல்லாம் நடக்கிறது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். குறுநாடுகளோ முதலில் சொந்தம் கொண்டாடி, அப்புறம் காக்கப் பார்க்கின்றன. வண்டியை முன்னால் நிறுத்திவிட்டு மாட்டைப் பின்னால் கட்டிய கதை.

இதற்காக இந்த ஏற்பாடு குறையே இல்லாதது என்று சொல்ல வரவில்லை. எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதே பெரிய முட்டுக்கட்டை. 2022இல் பெர்லின் கூட்டத்தில் எம்பரர் பென்குவினைச் சிறப்புப் பாதுகாப்பு இனமாக அறிவிக்கப் பெரும்பாலான நாடுகள் தயாராக இருந்தும் சீனா ஒத்துக்கொள்ளாததால் நின்றுபோனது. ராஸ் கடல் காப்பகம் பல வருஷ இழுபறிக்குப் பிறகுதான் 2016இல் முடிவாகி 2017 டிசம்பரில் அமலானது, 15.5 லட்சம் சதுர கிலோமீட்டர், அதுவும் 35 வருஷக் கெடு வைத்து. பெரிய நாடுகள் இப்படி இழுத்தடிப்பதைப் பார்க்கும்போது குறுநாட்டுக்காரர்களின் எரிச்சல் எனக்குப் புரியத்தான் செய்கிறது. அவர்கள் போர்டு நடுவது நிலத்துக்காக இல்லை, நம்மைத் திரும்பிப் பார்க்க வைப்பதற்காக என்றால், அந்த அளவில் வேலை நடந்துதான் இருக்கிறது, இல்லாவிட்டால் சைப்பிள் தீவைப் பற்றி நீங்கள் எதற்குப் படித்துக்கொண்டிருக்கப் போகிறீர்கள்.

அப்படியானால் ஒரு குறுநாட்டின் காப்பகத் துறை உருப்படியாக என்ன செய்ய முடியும்? அண்டார்டிகாவுக்கு வெளியே என்றால் நிறையவே. பாதுகாக்கப்பட்ட பகுதி என்றால் அரசாங்கம்தான் நடத்த வேண்டும் என்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயுசிஎன் சொல்லவில்லை. எல்லை தெளிவாக இருக்க வேண்டும், இயற்கையை நீண்டகாலம் காப்பதற்கென்றே ஒதுக்கியிருக்க வேண்டும், சட்டத்தாலோ வேறு பயனுள்ள வழியாலோ உண்மையிலேயே நிர்வகிக்க வேண்டும், இவ்வளவுதான் அதன் வரையறை. தனியாரும் தொண்டு அமைப்பும் பழங்குடிச் சமூகமும் நடத்தும் பகுதிகளை அது ஒப்புக்கொள்கிறது. ஆகவே டியூக் சொந்தக் காசில் பெல்ஜியத்தில் இரண்டு ஏக்கர் சதுப்பு நிலம் வாங்கி, பெல்ஜியச் சட்டப்படி அதைப் பராமரித்தால் அது காப்பகம் ஆகலாம். கொடி எதை ஏற்றுகிறார் என்று யாரும் கேட்கப் போவதில்லை.

அண்டார்டிகாவுக்கு உள்ளே என்றால், நாடாகப் போனால் கதவு திறக்காது, தொண்டு அமைப்பாகப் போனால் பேசவாவது முடியும். ஆசாக் என்ற சூழல் அமைப்புகளின் கூட்டணி 1978 முதல் இயங்குகிறது. வருடாந்தரக் கூட்டத்துக்கு வல்லுநராக அழைக்கப்படுகிறது, ஆவணங்கள் தாக்கல் செய்கிறது. முடிவெடுக்கும் உரிமை இல்லை, ஆனால் அறைக்குள் இருக்கிறது. பென்குவின் கணக்கு, செயற்கைக்கோள் படம் எல்லாம் சேர்த்து, ஏதாவது ஒரு உறுப்பு நாட்டையோ ஸ்காரையோ பிடித்து வரைவு கொடுக்க வைப்பதுதான் மாஹர் தீவுக்கு உள்ள நேர் வழி.

கடைசியாக, நீங்களே கப்பல் ஏறி அந்தப் பக்கம் போவதாக இருந்தால். இந்திய அண்டார்டிகா சட்டம் 2022 ஆகஸ்டில் வந்துவிட்டது. இந்தியப் பயணக் குழுவாகப் போனால், புவி அறிவியல் அமைச்சகச் செயலாளர் தலைமையில் உள்ள குழுவிடம் பெர்மிட் வாங்க வேண்டும், அல்லது நெறிமுறையில் உள்ள வேறு நாட்டின் எழுத்துபூர்வ அனுமதி இருக்க வேண்டும். அனுமதியில்லாமல் கனிமத்துக்குத் துளை போட்டாலோ, அந்த மண்ணுக்குச் சொந்தமில்லாத செடி, விலங்கைக் கொண்டுபோனாலோ ஏழு வருஷம்வரை சிறை, 10 லட்சம் முதல் 50 லட்சம் ரூபாய்வரை அபராதம். உல்லாசக் கப்பலில் போகிறவர்களுக்கும் கணக்கு உண்டு: 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் ஆளை இறக்கவே கூடாது, ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் நிற்கக் கூடாது, 20 பேருக்கு ஒரு வழிகாட்டி வேண்டும். குறுநாட்டுக் குடியுரிமை அட்டை உங்கள் பர்ஸில் இருந்தால் இருக்கட்டும், ஆஸ்பா எல்லையில் அது பெர்மிட் ஆகாது. இறங்குவதற்கு முன் ஷூவின் அடியில் ஒட்டியிருக்கும் மண்ணையும் பையின் மடிப்பில் சிக்கியிருக்கும் விதையையும் மறக்காமல் சுத்தம் செய்துவிடுங்கள்.