ஃபென் பகுதியில் ‘டிரெய்ன்’ (drain) என்றால் சாக்கடை அல்ல

போன வாரம் ஒருநாள் காலை, இன்னும் வெளிச்சம் வரவில்லை, கிழக்கு இங்கிலாந்தின் ஃபென் என்னும் வடித்த சதுப்பு நிலப் பகுதியில் இருக்கும் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு தமிழ்ப் பெண்ணைக் கொண்டுவந்தார்கள். அவர் ஓட்டிய கார் சாலையோர டிரெய்னுக்குள் விழுந்திருந்தது. வீடு வீடாகச் சென்று முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இங்கிலாந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. (அடையாளம் தெரியக்கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) உடல் வெப்பம் 33 டிகிரி. தலைமுடியிலும் நகக்கண்ணிலும் கறுப்பு மண். வெளியே நடைபாதையில் ஒரு விவசாயி மார்பு வரை நனைந்து, போர்வை சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிராக்டரை நிறுத்திவிட்டுத் தண்ணீரில் குதித்து, கார் கண்ணாடியை உடைத்து அந்தப் பெண்ணை இழுத்துப் போட்டவர் அவர்தான்.

கொஞ்சம் சூடேறிப் பேச்சு வந்ததும் அந்தப் பெண் சொன்னது: “டிரெய்ன்னுதான் சார் எல்லாரும் சொன்னாங்க. ஊர்ல இருக்குற மாதிரி சாக்கடைன்னு நெனச்சிட்டேன்.”

இந்தக் குளிர்காலத்தில் நான் பார்க்கும் மூன்றாவது ஆள் இவர். முதல் இருவரில் ஒருவரை எங்களால் காப்பாற்ற முடியவில்லை. பீட்டர்பரோ, விஸ்பீச், மார்ச், சாட்டரிஸ், கிங்ஸ் லின் ஆகிய ஊர்கள் பக்கம் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நர்ஸ்களும் பராமரிப்புப் பணியாளர்களும் ஜூனியர் டாக்டர்களும் தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள்.

முதலில் அந்தச் சொல். இங்கே டிரெய்ன் என்பது ஆறு மாதிரி. 17ஆம் நூற்றாண்டில் வெர்மூய்டன் என்ற டச்சுப் பொறியாளரை வைத்து இந்தச் சதுப்பு நிலத்தை வடித்தபோது கோடு போட்டதுபோல் வெட்டிய நீர்வழிகளும், பிறகு வந்தவர்கள் வெட்டியவையும்தான் இவை. ஃபார்ட்டி ஃபுட், சிக்ஸ்டீன் ஃபுட் என்ற பெயர்களெல்லாம் அகலக் கணக்கில் வந்தவை. நாற்பது அடி அகலம் என்றால் கிட்டத்தட்ட 12 மீட்டர். கார் உள்ளே போனால் கூரையும் தெரியாது. கரை செங்குத்து, சேறு வழுக்கும், பிடித்து ஏறப் படி கிடையாது.

நிலத்தை வடித்ததும், மட்கிய செடிகொடிகளால் ஆன கரிமண் (peat) காய்ந்து சுருங்கியது. இன்னும் சுருங்கிக்கொண்டிருக்கிறது. பீட்டர்பரோ பக்கத்தில் இருக்கும் ஹோம் ஃபென்னில் 1850களின் தொடக்கத்தில் ஓர் இரும்புத் தூணை அதன் தலை தரைமட்டத்தில் இருக்கும்படி புதைத்தார்கள். இன்று அது தரைக்கு மேலே சுமார் 4 மீட்டர் நிற்கிறது. விடுமுறை நாளில் ஒருமுறை போய்ப் பக்கத்தில் நின்று பாருங்கள். நாம் கார் ஓட்டும் சாலைக்கு அடியிலும் பல இடங்களில் இதே மண்தான். கோடை வறண்டால் சாலை அலைஅலையாகத் தூக்கிப் போடும், வெடிக்கும், தண்ணீர் இருக்கும் பக்கமாகச் சரியும். பல இடங்களில் சாலைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு புல்கரை மட்டும்தான் உண்டு. தடுப்பு வேலி எல்லா இடத்திலும் கிடையாது.

“நேரான ரோடு, காலி ரோடு, என்ன ஆகப்போகுது?” என்று கேட்காதீர்கள். நேராக இருப்பதால்தான் வேகம் தெரிவதில்லை. மணிக்கு 60 மைல் என்பது சட்டம் அனுமதிக்கும் உச்சம், அவ்வளவு வேகத்தில் போயே ஆகவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அலைபோன்ற சாலையில் அந்த வேகத்தில் ஒரு மேட்டைத் தாண்டினால் சக்கரத்துக்குத் தரையில் பிடிப்பே இருக்காது. இலையுதிர் காலம் தொடங்கியதிலிருந்து குளிர்காலம் வரை சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு (சுகர் பீட்) அறுவடை. டிராக்டர் சக்கரத்தோடு வயல் சேறு சாலைக்கு வந்துவிடும். அதில் மழையோ பனியோ சேர்ந்தால் எண்ணெய் ஊற்றியதுபோல் இருக்கும். மானோ முயலோ குறுக்கே வந்தால் நேராகப் பிரேக் போடுங்கள். ஸ்டியரிங்கை ஒடித்தீர்களானால் நேரே தண்ணீர்தான். இன்னொன்று: நம் ஊர் லைசென்ஸை வைத்து 12 மாதம் ஓட்டலாம் என்பது சரி. அதற்காகப் பயிற்சியே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு வகுப்பாவது, அதுவும் இருட்டிலும் இந்தக் கரைச் சாலைகளிலும், உள்ளூர்ப் பயிற்சியாளரோடு போங்கள். நானும் வந்த புதிதில் அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

இனி என் பொறுமையைச் சோதிக்கும் விஷயம். “கார் முழுக்கத் தண்ணீர் நிரம்பும் வரை காத்திரு, அப்புறம் கதவு தானாகத் திறக்கும்” என்று ஒரு வாட்ஸ்அப் வீடியோ வருடக்கணக்கில் சுற்றுகிறது. படித்தவர்களே என்னிடம் இதைச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு நர்ஸ் எனக்கே அனுப்பினார். தயவுசெய்து அழித்துவிடுங்கள். உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் சமமானால் கதவு திறக்கும் என்பது காகிதத்தில் உண்மை. ஆனால் அது சமமாவதற்குள் மூச்சுவிடக் காற்று இருக்காது. இருட்டு, உறையவைக்கும் குளிர், எஞ்சின் பாரத்தில் மூக்கு குப்புறக் கவிழ்ந்த கார், சில நேரம் தலைகீழாக. அந்த நிலையில் மூச்சை அடக்கிக்கொண்டு கைப்பிடியைத் தேட யாராலும் முடியாது. குளிர்ந்த நீர் மேலே பட்ட முதல் நிமிடத்தில் உடம்பு தானாகவே வாயைப் பிளந்து மூச்சை இழுக்கும். அடக்க நினைத்தாலும் அடங்காது. கையில் இருக்கும் பிடிமானமும் பத்து நிமிடத்தில் போய்விடும்.

உங்களுக்கு இருப்பது கார் மிதக்கும் நேரம் மட்டும். அரை நிமிடமோ ஒரு நிமிடமோ, அவ்வளவுதான். பெல்ட்டைக் கழற்று, ஜன்னலை இறக்கு, வெளியேறு. போன் அப்புறம். அந்தப் பெண் முதலில் கணவருக்குப் போன் போட்டார். ஊரில் இருக்கும் கணவர் என்ன செய்வார்? அவசர உதவி எண் 999-ஐக்கூடக் கரையேறிய பிறகு கூப்பிடலாம். கதவைத் தொடவே தொடாதீர்கள். திறந்தால் தண்ணீர் பாய்ந்து கார் உடனே முங்கிவிடும். மின்சார ஜன்னல் நனைந்ததும் வேலை செய்யாது என்பதும் தவறு. முதல் சில நொடிகள் வேலை செய்யும். நீர்மட்டம் கண்ணாடிக்கு ஏறி அதை அழுத்தத் தொடங்கிய பிறகுதான் இறங்காது. பிள்ளைகள் இருந்தால் அவர்களை முதலில் வெளியே அனுப்புங்கள், அதிலும் பெரிய பிள்ளையை முதலில். கைக்குழந்தை உங்களோடு வரட்டும்.

சீட்டின் தலையணையைப் பிடுங்கிக் கண்ணாடியை உடைத்துவிடலாம் என்றும் நம்பியிருக்காதீர்கள். கண்ணாடி உடைக்கும் சின்னக் கருவி சில பவுண்டுக்குக் கிடைக்கிறது. வாங்கி, கை எட்டும் இடத்தில் மாட்டுங்கள், டிக்கியில் போட்டு வைக்காதீர்கள். அடிப்பது கண்ணாடியின் ஓரத்தில், நடுவில் அல்ல. அதற்கு முன் உங்கள் காரின் ஜன்னல் மூலையில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். லேமினேட்டட் (நடுவே பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டியது) என்றிருந்தால் அந்தக் கருவியால் உடைத்து வெளியே வர முடியாது. புதிய கார்கள் சிலவற்றில் பக்கக் கண்ணாடியும் அப்படித்தான்.

கரையில் யாரையாவது பார்த்தால்: படுக்கவைத்து, ஈரத் துணியைக் கழற்றி, கோட்டையோ போர்வையையோ சுற்றுங்கள். கை காலைத் தேய்க்காதீர்கள், நடக்க வைக்காதீர்கள், பிராந்தி கொடுக்காதீர்கள். குளிர்ந்த இதயம் ஒரு சின்ன அதிர்ச்சியில்கூடத் தாளம் தப்பிவிடும். மூச்சு இல்லையென்றால் மார்பை அழுத்தத் தொடங்கி, ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். ஜில்லிட்டுக் கிடக்கிறார் என்று கைவிட்டுவிட வேண்டாம். உடம்பு சூடேறிய பிறகும் உயிர்க்குறி இல்லை என்றால்தான் நாங்களே முடிவுக்கு வருவோம்.

வெல்னி வழியாகப் போகும் ஏ1101 சாலை குளிர்காலத்தில் அடிக்கடி முழுகும். அந்த இடம் வெள்ளத்தைத் தேக்குவதற்கென்றே விட்ட நிலம். ‘சாலை மூடப்பட்டது’ பலகை இருந்தால் திரும்பிவிடுங்கள். முன்னால் போன டிராக்டரைப் பார்த்துப் பின்னால் போகாதீர்கள். ஓடும் நீர் 30 சென்டிமீட்டர் இருந்தாலே காரைத் தூக்கிவிடும்.

பணி அட்டவணை போடுகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு எட்டு மைல், நீங்கள் கொடுப்பது பத்து நிமிடம். உறைபனி நாளில் அதை இருபத்தைந்தாக்குங்கள். பாட்டிக்கு மாத்திரை கால்மணி நேரம் தாமதமானால் நாங்கள் சமாளித்துக்கொள்வோம்.

அந்தப் பெண் மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனார். திங்கட்கிழமை மறுபடி அதே சாலையில்தான் வேலை, வேறு வழியில்லை சார் என்றார். கூட்டிப்போக வந்த தோழியின் காரிலேயே, மருத்துவமனை வாகன நிறுத்தத்தில், கண்ணை மூடச் சொல்லிப் பயிற்சி கொடுத்தேன். பெல்ட், ஜன்னல், வெளியே. முதல் தடவை பெல்ட் பொத்தானைத் தேடவே பதினொரு விநாடி. ஐந்தாவது தடவை ஜன்னலும் சேர்த்து நான்கு விநாடியில் முடித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி, “நானும் ஒருதரம் செஞ்சு பார்க்கறேன் சார்” என்று இடம் மாறி உட்கார்ந்தார்.