ஒரே கள்ளு, வேறு வேறு கொலஸ்ட்ரோல்

பரந்தனிலோ மாங்குளத்திலோ ஒரே தவறணையில் ஒரே அளவு கள்ளுக் குடிக்கும் அண்ணனுக்கும் தம்பிக்கும் கொலஸ்ட்ரோல் றிப்போட் வேறுவேறாக வரலாம். சாப்பாடும் உடலுழைப்பும் ஒரு காரணம். பரம்பரை அலகுகள் இன்னொன்று.

முதலில் அளவு. கள்ளில் மதுசாரம் 5 வீதம் என்று வைப்போம். (இறக்கிய கள்ளு நேரம் போகப் போகப் புளித்து ஏறும்; ஆகவே இது உத்தேசக் கணக்குத்தான்.) 750 மில்லிலீற்றர் போத்தலில் ஏறக்குறைய 30 கிராம் மதுசாரம் இருக்கும். நாளுக்கு 30 கிராம் குடித்தால் குருதியில் டெசிலீற்றருக்கு எச்.டி.எல் ("நல்ல" கொலஸ்ட்ரோல்) 4 மில்லிகிராம், ட்ரைகிளிசரைட் (குருதியில் ஓடும் இன்னொரு கொழுப்பு) 5 முதல் 6 மில்லிகிராம் கூடும் என்று 1999 இல் வெளிவந்த தொகுப்பாய்வு கணித்தது. இது சராசரி. அண்ணனும் தம்பியும் அந்தச் சராசரிக்குள் ஒளிந்துகிடக்கிறார்கள்.

ஈரலில் ஏ.டி.எச் நொதியம் மதுசாரத்தை அசற்றல்டிகைட்டாக்கும்; அடுத்த நொதியம் அதை அசற்றேற்றாக்கும். இரு படியிலும் என்.ஏ.டி.எச் என்ற துணைவிளைபொருள் குவியும். அது குவிந்தால் ஈரல் கொழுப்பமிலங்களை எரிப்பதைக் குறைத்து, ட்ரைகிளிசரைட்டாகக் கட்டி, வி.எல்.டி.எல் என்ற, கொழுப்பைக் காவும் துணிக்கைகளில் ஏற்றிக் குருதிக்குள் விடும். கள்ளோடு பொரித்த இறைச்சியும் சேர்ந்தால் இன்னும் ஏறும்.

ஆளுக்கு ஆள் மாறுவது இங்கேதான். ஏ.டி.எச் நொதியங்களில் ஒன்றான ஏ.டி.எச்1சியின் மந்தமான வகையை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றவர்களில், அளவாகக் குடிப்போருக்கு எச்.டி.எல் கூடுதலாக இருந்ததாக 2001 இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. எச்.டி.எல்லிலிருந்து கொலஸ்ட்ரோலை மற்றத் துணிக்கைகளுக்கு மாற்றும் புரதம் சி.ஈ.டி.பி. அதன் ஒரு வகை எச்.டி.எல்லைக் கூட்டுவது, நாளுக்கு 25 கிராமுக்கு மேல் குடித்தவர்களில் மட்டுமே தெரிந்தது என்றது 1995 இன் பிரெஞ்சு ஆய்வு. பிந்திய ஆய்வுகள் சிலவற்றில் அது திரும்பக் கிடைக்கவில்லை. கவனிக்க வேண்டியது, கொழுப்பைக் காவ உதவும் அபோ-ஈ என்ற புரதத்தின் வகைகள். அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் இருதய ஆய்வில் குடிக்கும் ஆண்களில் ஈ2 வகைக்காரருக்கு எல்.டி.எல் ("கெட்ட" கொலஸ்ட்ரோல்) குறைந்திருந்தது, ஈ4 வகைக்காரருக்கோ குடிக்காதவர்களைவிடக் கூடியிருந்தது.

"நல்ல கொலஸ்ட்ரோல் ஏறுதுதானே" என்று போத்தலுக்கு நியாயம் தேடுவது செல்லாது. எச்.டி.எல்லை மட்டும் பிறப்பிலேயே உயர்த்தும் ஒரு பரம்பரை வகை மாரடைப்பைக் குறைக்கவில்லை என்று 2012 இல் தெரியவந்தது. சி.ஈ.டி.பியைத் தடுத்து எச்.டி.எல்லை ஏற்றிய டோர்செட்ராபிப் மருந்தின் பரிசோதனை, மரணங்கள் கூடியதால் 2006 இல் நிறுத்தப்பட்டது.

இதற்காகப் பரம்பரை அலகுப் பரிசோதனை தேவையில்லை. பரிசோதனைக்கு முன் இரண்டு மூன்று நாள் குடிக்காமல், 9 முதல் 12 மணிநேரம் வெறும் வயிற்றோடு குருதி கொடுங்கள். முதல் நாளிரவு குடித்திருந்தால் ட்ரைகிளிசரைட் பொய்யாக ஏறும். அது டெசிலீற்றருக்கு 400 மில்லிகிராமைத் தாண்டினால், வழமையான சூத்திரத்தால் கணிக்கும் எல்.டி.எல்லை நம்ப முடியாது. 1000ஐத் தாண்டினால் கணைய அழற்சி வரும் ஆபத்து உண்டு. மூன்று நாலு கிழமை நிறுத்திவிட்டு மறுபடி பார்த்தால், குடி உங்கள் உடம்பில் எந்த எண்ணை ஏற்றியது என்பது தெரிந்துவிடும். ஆனால் நாள் தவறாமல் நிறையக் குடிப்பவர் சடுதியாக நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம். அவர் வைத்தியரிடம் கேட்டே நிறுத்த வேண்டும்.