கொன்சோல் நிரலுக்கு ஒரு தமிழ் முகம்

சம்மாந்துறையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வாப்பாவின் அரிசி ஆலைக்காக நெல் கொள்முதல் கணக்குப் பார்க்கும் நிரல் ஒன்றை சி ஷார்ப்பில் கொன்சோல் புரொஜெக்டாக எழுதினேன். கணக்குச் சரியாக வருகிறது. ஆனால் கறுப்புத் திரையில் இலக்கம் அடிக்க வாப்பாவுக்கு விருப்பமில்லை. தமிழில், பட்டன் வைத்துக் கேட்கிறார். எனக்கு எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட் தெரியும். எழுதியதைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?"

வேண்டாம். கறுப்புத் திரையில் எழுத்தால் மட்டும் பேசும் அந்தக் கொன்சோல் புரொஜெக்டே போதும். அதிலிருந்தே ஒரு சாளரத்தைத் திறந்து, அதற்குள் உலாவியின் இயந்திரத்தை உட்கார வைக்கலாம். முகம் எச்டிஎம்எல்லில் இருக்கும், கணக்கு சி ஷார்ப்பிலேயே இருக்கும்.

முதலில், வாப்பா கேட்டது ஏன் நியாயம் என்று சொல்லிவிடுகிறேன். 'கொள்முதல்' என்று விண்டோஸின் பழைய கொன்சோலில் அச்சிட்டுப் பாருங்கள். முதலெழுத்திலேயே உடைந்துவிடும். 'கொ' என்பது நினைவகத்தில் இரண்டே குறியீடுகள்: 'க', அதற்கடுத்து ஒகரக் குறி. திரையில் வரையும்போது அந்த ஒரே குறியைப் பிளந்து, கொம்பை 'க'வுக்கு முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க வேண்டும். கொன்சோலோ திரையைச் சமகட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு குறியீடு என்று நிரப்பும் வழக்கத்தில் பிறந்தது. யூனிகோடு குறியாக்கத்தைச் சரியாக அமைத்தாலும் எழுத்து கூடிவராது. உலாவிக்குள் இந்த வேலைக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. குரோம், எட்ஜ் உலாவிகளின் அடித்தளமான குரோமியத்தில் அதன் பெயர் ஹார்ப்பஸ். தமிழ், சிங்களம், அரபு எல்லாவற்றையும் அது வடிவாகக் கோத்துத் தருகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இன்றும் பலர், கணினியில் தமிழ் என்றால் பாமினி எழுத்துரு போட்டால்தான் சரிவரும் என்று நம்புகிறார்கள். இது ஒரு மூடநம்பிக்கைதான். பாமினியில் சேமித்த பெயர் உண்மையில் ஆங்கில எழுத்துகளின் வரிசை. முகம் மட்டுமே தமிழ். விவசாயியின் பெயரைத் தேடவும் முடியாது, அகர வரிசைப்படுத்தவும் முடியாது. தயவுசெய்து புதிய மென்பொருள் எதையும் அதில் தொடங்காதீர்கள்.

சரி, கொன்சோல் புரொஜெக்ட் எப்படிச் சாளரமாகிறது? விண்டோஸைப் பொறுத்தவரை கொன்சோல் நிரலுக்கும் சாளர நிரலுக்கும் கோப்பின் அமைப்பில் உள்ள வேறுபாடு மிகச் சிறியது. இயங்குகோப்பின் தலைப்பகுதியில் ஓர் எண் இருக்கும். அது 3 என்றால் விண்டோஸ் கறுப்புத் திரையோடு நிரலைத் தொடங்கும், 2 என்றால் கறுப்புத் திரை வராது. புரொஜெக்ட் கோப்பில் வெளியீட்டு வகையை 'எக்ஸ்இ' என்பதிலிருந்து 'வின்எக்ஸ்இ' என்று மாற்றினால் அந்த எண் மாறிவிடும். உருவாக்கும் காலத்தில் மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து. பின்னால் திறந்திருக்கும் கறுப்புத் திரையில் பிழைச் செய்திகளைப் பார்த்துக்கொண்டே வேலை செய்யலாம்.

சாளரத்தையும் உலாவியையும் தரும் நூலகங்களில் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்புகளில்) உங்களுக்குப் பொருந்துவது ஃபோட்டினோ. 2019இல் மைக்ரோசொப்ட் பொறியியலாளர் ஸ்டீவ் சாண்டர்சன் வெப்விண்டோ என்று ஒரு பரிசோதனை வெளியிட்டார். அதிலிருந்து வளர்ந்தது இது. இதே வேலைக்கான இன்னொரு கருவியான எலெக்ட்ரோனைப் போல உலாவி முழுவதையும் கூடவே கட்டிக்கொண்டு வராது. கணினியில் ஏற்கெனவே இருப்பதைப் பயன்படுத்தும்: விண்டோஸில் வெப்வியூ2, மெக்கில் டபிள்யூகே வெப்வியூ, லினக்ஸில் வெப்கிட் ஜிடிகே. 2013இல் கிட்ஹப் தொடங்கிய எலெக்ட்ரோன் நல்ல கருவிதான், நிரல் எழுதப் பலரும் பயன்படுத்தும் விஷுவல் ஸ்டூடியோ கோடே அதில்தான் ஓடுகிறது. ஆனால் சின்னக் கணக்கு நிரல்கூட 100 எம்பியைத் தாண்டிவிடும். ஃபோட்டினோவில் வட்டு இடம் நிறைய மிச்சமாகும். நினைவகம் அவ்வளவாக மிச்சமாகாது, ஏனென்றால் உலாவி எங்கிருந்து வந்தாலும் ஓடும்போது உலாவிதான்.

இனி நான் மிகவும் ரசிக்கும் இடத்துக்கு வருகிறேன். பக்கத்தில் 'கணக்கிடு' என்ற பட்டனை வாப்பா அழுத்துகிறார். ஈரப்பதன் 20 சதவீதம் உள்ள 1000 கிலோ நெல். 14 சதவீதத்துக்குக் காய்ந்தால் எவ்வளவு நிற்கும்? சூத்திரம் சி ஷார்ப்பில் இருக்கிறது, பட்டன் ஜாவாஸ்கிரிப்டில் இருக்கிறது. பார்க்க ஒரே சாளரம்தான், ஆனால் இவை இரண்டும் வெவ்வேறு செயன்முறைகள், அதாவது கணினியில் தனித்தனியாக ஓடும் நிரல்கள். டாஸ்க் மனேஜரைத் திறந்தால் உங்கள் நிரலுக்குக் கீழே வெப்வியூ2 தனியாகப் பல வரிகளில் நிற்பதைக் காணலாம். பக்கத்தை வரையும் செயன்முறை பாதுகாப்புக்காக அடைத்து வைக்கப்பட்டது. உங்கள் நிரலின் நினைவகத்தை அதனால் தொட முடியாது, கோப்புகளைத் திறக்க முடியாது. ஆகவே ஜாவாஸ்கிரிப்டால் சி ஷார்ப் செயற்கூற்றை (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டை) நேரடியாக அழைக்க வழியில்லை. இரண்டுக்கும் நடுவில் போய்வரக்கூடியது வெறும் எழுத்துச் சரம்.

அதனால் பக்கம் 'சென்ட்மெசேஜ்' என்ற கட்டளையால் ஒரு சரத்தை அனுப்புகிறது. அதற்குள் ஜேசன் வடிவில், அதாவது பெயரும் மதிப்புமாக, எடை 1000, ஈரப்பதன் 20. அந்தச் சரம் பிரதியெடுக்கப்பட்டு, அடைப்பைத் தாண்டி உலாவியின் முதன்மைச் செயன்முறைக்குப் போய், அங்கிருந்து உங்கள் நிரலின் செய்தி வரிசையில் வந்து சேர்கிறது. விண்டோஸில் சாளரம் வைத்திருக்கும் எந்த நிரலும் ஒரு சுழலில் நின்று இந்த வரிசையை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கும். சுட்டி நகர்ந்தது, விசை அழுந்தியது, பக்கத்திலிருந்து சரம் வந்தது, எல்லாம் அங்கேதான் வரும். சரத்தின் முறை வந்ததும் நீங்கள் பதிந்துவைத்த செயற்கூறு ஓடுகிறது. 1000 கிலோவில் காய்ந்த பங்கு 800. அது 86 சதவீதமாக இருக்க மொத்தம் 930.2 கிலோ. விடை இன்னொரு சரமாகத் திரும்பிப் போகிறது.

கவனியுங்கள்: போனதற்கும் வந்ததற்கும் தானாக எந்தத் தொடர்பும் இல்லை. வாப்பா அடுத்தடுத்து இரண்டு கணக்குகளை அழுத்தினால், முதலில் வந்த விடை எதற்குரியது? கச்சேரி அலுவலகத்தில் இலக்கத் துண்டு கொடுப்பதைப் போல, ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் எண் ஒட்டி அனுப்ப வேண்டும். சி ஷார்ப் அதே எண்ணை விடையில் ஒட்டித் திருப்பும். ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்தில் எண்ணுக்கு ஒரு 'ப்ராமிஸ்' (பின்னால் வரும் விடைக்காகப் பிடித்துவைக்கும் இடம்) வைத்து, விடை வந்ததும் நிறைவேற்றிவிடலாம். இருபது வரியில் இதை எழுதிவிட்டால், அப்புறம் சாதாரணச் செயற்கூற்றை அழைப்பது போலவே நிரல் எழுதலாம். பெரிய நூலகங்கள் செய்வதன் அடிப்படையும் இதுதான். ஒருமுறையாவது உங்கள் கையால் எழுதிப் பாருங்கள். இணையச் சேவையகங்களோடு பேசும் நிரல்களும் இதற்குப் பிறகு எளிதாகப் புரியும்.

அந்தச் சுழலிலிருந்தே ஓர் எச்சரிக்கையும் வருகிறது. செய்தியைப் பெறும் செயற்கூறு ஒரு போகத்தின் பதிவுகளை எல்லாம் வாசித்துக் கூட்ட நேரமெடுத்தால், சுழல் அங்கேயே நின்றுவிடும். சாளரம் உறைந்துபோகும். நீண்ட வேலையை 'டாஸ்க் ரன்' மூலம் வேறு இழைக்கு (அதே நிரலுக்குள் பக்கத்தில் ஓடும் இன்னொரு வேலைத் தொடருக்கு) கொடுத்து, முடிவை மட்டும் சாளரத்தின் இழையிடம் ஒப்படையுங்கள்.

இன்னொரு சிக்கல் தொடக்கத்திலேயே வரும். விண்டோஸில் இந்தச் சாளரம் திறக்க, நிரல் தொடங்கும் இடமான மெயின் செயற்கூற்றின் தலையில் 'எஸ்டிஏ த்ரெட்' என்ற குறிப்பு இருக்க வேண்டும். சி ஷார்ப் நிரல்கள் ஓடும் தளமான டொட்நெட்டின் 6ஆம் பதிப்பு முதல் புதிய கொன்சோல் புரொஜெக்டில் மெயின் செயற்கூறே கண்ணில் படாது, நேரடியாக வரிகள் தொடங்கும். குறிப்பை ஒட்ட இடமில்லை. மெயினை நீங்களே பழைய முறையில் எழுதிவிடுங்கள்.

பக்கத்தின் கோப்புகள், எழுத்துருக்கள் எல்லாவற்றையும் நிரலோடு சேர்த்தே வையுங்கள். ஆலையில் இணையம் போனால் கணக்கு நிற்கக் கூடாது. இந்தச் சாளரத்தில் வெளித் தளம் எதையும் திறக்கவும் வேண்டாம். திறந்தால் அந்தத் தளத்தின் ஸ்கிரிப்டும் உங்கள் நிரலுக்குச் சரம் அனுப்பலாம்.

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் நமக்கு இருக்கின்றன. ஆலை, வாடி, கூட்டுறவுக் கடை என்று உண்மையான பாவனையாளருக்காகத் தமிழில் மென்பொருள் செய்யும் இறுதியாண்டு மாணவருக்குச் சிறு தொகையாவது ஒதுக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். இந்த வாசகி செய்திருப்பது அப்படியான வேலைதான்.

கடைசியாக ஆலையின் கணினி. விண்டோஸ் 11 என்றால் வெப்வியூ2 ஏற்கெனவே உள்ளே இருக்கும். விண்டோஸ் 10இல் இல்லாவிட்டால், இணையமின்றி நிறுவக்கூடிய முழுக்கோப்பை மைக்ரோசொப்ட் தளத்திலிருந்து இறக்கி பென்டிரைவில் கொண்டுபோகலாம். விண்டோஸ் 7 என்றால் இந்த வழி வேண்டாம். அதற்கான வெப்வியூ2 ஆதரவு 2023 ஜனவரியில் 109ஆம் பதிப்போடு முடிந்துவிட்டது.