ஹீமோபிலியா சான்றிதழ்: முட்டியையும் காட்டுங்கள்

தாராவியில் ஹீமோபிலியா, அதாவது ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோய், உள்ள பையன் இருக்கும் வீட்டில் கேட்டுப் பாருங்கள். வெட்டுக்காயத்தைப் பற்றிப் பேச மாட்டார்கள், முட்டியைப் பற்றித்தான் பேசுவார்கள். ரத்தம் மூட்டுக்குள் கசியும். திரும்பத் திரும்பக் கசிந்தால் குருத்தெலும்பு அரிக்கப்பட்டு, கால் மடங்கவும் மாட்டேன் என்கும், நீளவும் மாட்டேன் என்கும்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஹீமோபிலியாவை 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்த்தது. ஆனால் அது தரும் விளக்கத்தில் சிறு காயமும் உயிர்போகும் ரத்தப்போக்கும்தான் உண்டு, மூட்டு இல்லை. இது வெறும் சொல் விவகாரம் என்று நினைக்க வேண்டாம். 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு என்று மாற்றுத்திறனாளி சான்றிதழ் இருந்தால், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களின் 5 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஹீமோபிலியாவே போதும். அரசு வேலைக்கான 4 சதவீதத்தில் ரத்தக் கோளாறுகளுக்கு இடமில்லை. கை கால் இயக்கக் குறைபாட்டுக்கு இடமுண்டு.

அதனால் முட்டி ஏற்கெனவே கெட்டிருந்தால், இயக்கக் குறைபாட்டையும் தனியாக மதிப்பிடச் சொல்லுங்கள். மும்பையில் ஹாஜி அலி பக்கம் உள்ள அகில இந்திய உடலியல் மருத்துவ மறுவாழ்வு நிறுவனத்தில் இந்த மதிப்பீடும் உண்டு, பிசியோதெரபியும் உண்டு. மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று கோணமானியை வைத்து அளப்பார்கள். மாடிப்படி ஏறுவது, ஒற்றைக் காலில் நிற்பது, குத்துக்காலிடுவது, சம்மணம் போடுவது எல்லாம் கணக்கில் வரும். எங்கள் சாலில் (வரிசை வீட்டுக் குடியிருப்பில்) ஒரு பையன் டாக்டர் முன்னால் வீம்புக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு சம்மணம் போட்டு, "ஒண்ணும் இல்ல சார்" என்றான். வீட்டில் அவனுக்குச் சாப்பாடே நாற்காலியில்தான். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். இருப்பதை இருப்பதாகக் காட்டினால் போதும்.

சான்றிதழுக்கும் அட்டைக்கும் விண்ணப்பம் யூடிஐடி (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை) இணையதளத்தில். 40-க்குக் கீழே வெள்ளை அட்டை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம். திருநெல்வேலியில் வாங்கிய சான்றிதழ் மும்பையிலும் செல்லும், சட்டத்தின் 58-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. சதவீதத்தில் திருப்தி இல்லையென்றால் மேல்முறையீட்டுக்கு 59-வது பிரிவு.

ரயில் சலுகைக்கு இந்த அட்டை வேண்டாம். நடுத்தர, கடுமையான ஹீமோபிலியா உள்ளவர் சிகிச்சைக்குப் போய்வர ஸ்லீப்பரில் 75 சதவீதம் கழிவு. மருத்துவமனை தரும் சான்று போதும்.

ஒன்று மட்டும். முட்டி வீங்கியதும் எண்ணெய் தேய்த்து நீவிவிட ஊரில் ஆள் தேடாதீர்கள், கசிவு கூடும். முதலில் ஃபேக்டர் ஊசி (ரத்தம் உறைய உதவும் புரதம்), ஓய்வு. கசிவு அடங்கியபின் பிசியோதெரபிஸ்ட் சொல்லும் பயிற்சி.