ஃபேடர்: பயிற்சி வாளுக்கு இறகின் பெயர்

15, 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய வாட்கலையைப் பழைய ஏடுகளிலிருந்து மீட்டுப் பயில்கிறவர்களிடம் அதிகம் புழங்கும் சொற்களில் ஒன்று ‘ஃபேடர்’. இரு கையாலும் பிடித்து வீசும் நெடுவாளைப் பழகுவதற்கென்றே செய்யப்பட்ட எஃகு வாள் இது. கூர் இருக்காது. நுனி அகன்றோ மடங்கியோ இருக்கும். எதிராளி மேல் குத்தினால் அலகு வளைந்து கொடுக்கும். கைப்பிடியை ஒட்டிய இடத்தில் மட்டும் அலகு இரு பக்கமும் விரிந்து மடல்போல் நிற்கும். அந்த மடலைப் பார்த்தாலே ஃபேடர் என்று அடையாளம் சொல்லிவிடலாம்.

முழுப்பெயர் ‘ஃபேடர்ஷ்வேர்ட்’. ஜெர்மன் மொழியில் ‘ஷ்வேர்ட்’ என்றால் வாள். ‘ஃபேடர்’ என்றால் முதற்பொருள் இறகு. இறகைச் சீவி எழுதிய காலத்தில் பேனாவுக்கும் அதுவே பெயராயிற்று. வளைத்து விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் குணத்தால், கடிகாரத்துக்குள் இருக்கும் ஸ்பிரிங்குக்கும் அதே பெயர். ஆக இறகு, பேனா, ஸ்பிரிங் மூன்றுக்கும் ஜெர்மானியர் ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள்.

இன்னும் ஆழத்துக்குப் போனால் நமக்குத் தெரிந்த ஓர் உறவுக்காரர் எதிர்ப்படுகிறார். ‘ஃபேடர்’, ஆங்கில ‘ஃபெதர்’, கிரேக்க ‘ப்டெரோன்’, சமஸ்கிருத ‘பத்ர’ ஆகிய எல்லாம் ‘பறத்தல்’ என்னும் பொருளுடைய ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து கிளைத்தவை. சமஸ்கிருதத்தில் ‘பத்ர’ சிறகையும் இறகையும் குறித்தது, பிறகு இலையையும் ஓலையையும் குறித்தது. நம் வீட்டுப் பத்திரமும் கல்யாணப் பத்திரிகையும் அந்த வழியில் வந்தவைதான். புராணங்கள் சொல்லும் நரகங்களில் ‘அசிபத்திர வனம்’ என்று ஒன்று உண்டு. அசி என்றால் வாள். மரங்களில் இலைக்குப் பதில் வாள்கள் முளைத்திருக்கும் காடு அது. வாளும் ‘பத்ர’வும் ஒரே சொல்லில் சேர்ந்தது ஜெர்மனியில்தான் முதல்முறை என்று சொல்ல முடியாது.

சரி, பயிற்சி வாளுக்கு இந்தப் பெயர் எப்படி ஒட்டியது? இங்கே நிதானம் வேண்டும். கருவி பழையது. 1570இல் ஸ்ட்ராஸ்பர்கில் அச்சான யோவாகிம் மேயரின் வாட்கலை நூலில் நெடுவாள் பகுதிப் படங்களில் மாணவர்கள் ஏந்தி நிற்பது இந்த மடல் வைத்த வாளைத்தான். அக்காலத்து அசல் வாள்கள் சூரிக்கில் உள்ள சுவிஸ் தேசிய அருங்காட்சியகத்திலும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. ஆனால் மேயர் இதை ‘ஃபேடர்ஷ்வேர்ட்’ என்று அழைக்கவில்லை. அவருக்கு இது வெறும் ‘வாள்’. இன்று நாம் சொல்லும் பெயர் பிற்காலத்தது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து.

பெயரின் மூலத்தைத் தேடும்போது ‘ஃபேடர்ஃபெக்டர்’ என்ற வாள்வீரர் சங்கத்தின் பக்கம் பலர் கைகாட்டுவார்கள். 1487இல் பேரரசர் மூன்றாம் ஃபிரெடரிக்கிடம் உரிமைப் பட்டயம் பெற்ற ‘மார்க்ஸ்புரூடர்’ சங்கத்துக்குப் போட்டியாகப் பிராகா நகரில் எழுந்தது இது. 1607இல் இரண்டாம் ருடால்ஃப் இதற்கும் பட்டயம் வழங்கினார். இரண்டு சங்கங்களும் ஊர்ச் சதுக்கங்களில் பொதுமக்கள் முன்னால் மோதிக்கொண்டன. சங்கப் பெயரிலிருந்து வாளின் பெயர் வந்தது என்பது கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்து எழுத்துகளில் ‘ஃபேடர்’ என்பது ஒரு கையால் குத்தப் பயன்படும் மெல்லிய ரேப்பியர் வாளைக் குறித்து வருவதும் உண்டு. அதனால் இந்த விளக்கத்தை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பெயரை விடக் குணம் முக்கியம் என்பது வாள் வாங்கப் போகும்போதுதான் உறைக்கும். தொடக்கநிலையினர் பலர் ‘கூர் இல்லாவிட்டால் பயிற்சி வாள்’ என்று எண்ணிவிடுகிறார்கள். இது ஆபத்தான எண்ணம். கூர் மழுக்கிய சாதாரண நெடுவாளும் கடையில் கிடைக்கும். அதன் அலகு அகலமாக, விறைப்பாக இருக்கும். தனியாக வீசிப் பழகவும், வேகமில்லாமல் இருவர் சேர்ந்து அசைவுகளைப் பழகவும் அது நல்லது. அதை வைத்து முழு வேகத்தில் மோதி நெஞ்சில் குத்தினால் அலகு வளையாது, விலா எலும்புதான் வாங்கிக்கொள்ளும். மரவாளுக்கும் இதே குறை. விலை குறைவு, கைக்குப் பாரம் பழகும், ஆனால் குத்தில் துளியும் நெகிழாது. நைலான் வாள் அதற்கு நேர்மாறு. நன்றாகவே நெகிழும். ஆனால் அலகோடு அலகு முட்டி நிற்கும்போது வழுக்கிக்கொண்டு ஓடிவிடும்.

அந்த முட்டலில்தான் இந்தக் கலையின் உயிரே இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டு ஆசான் யோஹானஸ் லீக்டனவரின் மரபில் ‘ஃப்யூலன்’ என்று ஒரு பாடம் உண்டு. ‘உணர்தல்’ என்று பொருள். இரண்டு வாள்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் அந்தக் கணத்தில், எதிராளி அழுத்துகிறானா தளர்கிறானா என்பதை அலகின் வழியே கை உணர வேண்டும். அலகின் அடிப்பாதியை வன்பகுதி என்றும் நுனிப்பாதியை மென்பகுதி என்றும் இந்த மரபு பிரித்துச் சொல்கிறது. வன்பகுதியால் தாங்கு, மென்பகுதியைச் சுழற்றிப் புகுத்து என்பது பால பாடம். நல்ல ஃபேடர் இந்தப் பிரிவினையைத் தன் உடம்பிலேயே வைத்திருக்கும். கைக்குப் பக்கத்தில் விறைப்பு, நுனிப்பக்கம் நெகிழ்வு. எஃகு எஃகைக் கவ்வி நிற்பதால் கைக்குச் செய்தியும் சரியாக வந்து சேரும். மரமும் நைலானும் இதைத் தருவதில்லை. வசதி உள்ளவர்கள் சீக்கிரமே எஃகுக்கு வந்துவிட வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மேயர் காலத்து ஜெர்மானியப் பள்ளிகளில் நெடுவாளால் குத்துவதைப் பெரும்பாலும் தவிர்த்தார்கள், வெட்டுதான் விளையாட்டு. இன்று பயில்கிறவர்கள் குத்தையும் சேர்த்தே ஆடுகிறார்கள். ஆகவே நெகிழ்வு என்பது இன்றைய வாளுக்கு அன்றைக்கு இருந்ததை விட அவசியம். இதை அளக்க எளிய வழி இருக்கிறது. எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் வாளின் நுனியை ஊன்றி, மேலிருந்து அழுத்தி, அலகு வளையத் தொடங்கும்போது எத்தனை கிலோ காட்டுகிறது என்று பார்ப்பார்கள். 15 கிலோவைத் தாண்டினால் மோதலுக்கு விறைப்பு அதிகம் என்பது பலருடைய கணக்கு. அதற்காகத் தென்னை ஈர்க்குபோல் துவள்வதையும் வாங்கக் கூடாது. முட்டலில் அது எதையும் தாங்காது. எடை 1.3 முதல் 1.6 கிலோ வரை இருப்பது வழக்கம். மொத்த நீளம் 130 சென்டிமீட்டரை ஒட்டி வரும். ஆனால் உயரத்துக்கு ஏற்ற வாள் எது என்பதற்கு 1480களில் எழுதிய இத்தாலிய ஆசான் ஃபிலிப்போ வாடியின் அளவே எனக்குப் பிடித்தது. வாளைத் தரையில் ஊன்றினால் பிடியின் கடைக்குமிழ் அக்குளுக்கு வர வேண்டும்.

எந்த ஃபேடரும் பொம்மை அல்ல. முகமூடி, கழுத்துக்காப்பு, விரல்களை முழுக்க மூடும் கனத்த கையுறை இல்லாமல் அதைக் கையில் எடுத்து மோதக் கூடாது. விரல் எலும்புதான் இந்தப் பயிற்சியில் முதலில் பலியாவது.

இனி தமிழ்ச் சொல். ‘பயிற்சி வாள்’ என்பது பிழையில்லை. மரம், நைலான், மழுங்கல் எல்லாவற்றுக்கும் அதுவே பொதுப்பெயராக இருக்கட்டும். ஃபேடருக்கென்று தனிச்சொல் வேண்டும். ‘மழுங்கல் வாள்’ போதாது. இல்லாத கூரைச் சொல்கிறதே தவிர, இருக்கும் நெகிழ்வைச் சொல்லவில்லை. (மொக்கை என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது, கூர் மழுங்கியது என்றே அதற்குப் பொருள். இன்றைய பேச்சுவழக்கில் அது வேறு திசைக்குப் போய்விட்டது.)

வினையிலிருந்து சொல் ஆக்கலாமே என்று தோன்றும். பயில்வாள், வளைவாள், நெகிழ்வாள். மூன்றும் வினைத்தொகையாக இலக்கணத்தில் சரியே. ஆனால் படிக்கிறவர் கண்ணுக்கு ‘அவள் பயில்வாள், அவள் வளைவாள்’ என்றுதான் படும். வாள் என்பதை வினையடியோடு சேர்க்கும் எந்தச் சொல்லுக்கும் இந்தச் சிக்கல் வரும். ஸ்பிரிங்கை நாம் சுருள்வில் என்கிறோமே, அதைப் பிடித்து ‘வில்வாள்’ என்றால் ‘வில்லும் வாளும்’ என்று ஆகிவிடும். ‘சுருள்வாள்’ ஏற்கெனவே நம் ஊர் ஆயுதம் ஒன்றின் பெயர்; சிலம்ப ஆசான்கள் இடுப்பில் சுற்றி வைத்து வீசுவது. அதோடு இதைக் குழப்பவே கூடாது.

எஞ்சுவது இறகு. ‘இறகுவாள்’ எல்லோருக்கும் புரியும், தவறும் இல்லை. ஆனாலும் என் தேர்வு ‘தூவல்வாள்’. தூவல் என்றால் இறகு. தூவி என்றும் சொல்வோம். ‘அன்னத்தின் தூவி’ என்பது குறள். தனித்தமிழ் அன்பர்கள் பேனாவைத் தூவல் என்றே எழுதுகிறார்கள். ஜெர்மன் சொல் எந்த வழியில் இறகிலிருந்து பேனாவுக்குப் போனதோ, அதே வழியில் தமிழ்ச் சொல்லும் போயிருக்கிறது. இரு மொழிச் சொற்கள் இவ்வளவு ஒத்து நடப்பது அரிது. ஸ்பிரிங் என்ற பொருள் மட்டும் தூவலில் இல்லை. மோதல் பயிற்சிக்கு ஏற்றபடி நெகிழும் வாள் என்று முதல்முறை எழுதும்போது ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும்.

அலகின் அடியில் விரியும் பகுதியை ஜெர்மனில் ‘ஷில்ட்’ என்கிறார்கள், கேடயம் என்று பொருள். அதைத் தமிழில் ‘மடல்’ என்றே சொல்லலாம். காதுமடல் என்கிற மாதிரி வாள்மடல். கைக்குப் பக்கத்தில் எடையைச் சேர்த்து வாளின் சமநிலையைப் பிடிப்பக்கம் இழுப்பதும், வழுக்கி வரும் எதிராளியின் அலகு விரலைத் தொடாமல் தடுப்பதும் அதன் வேலை. கடையில் ஒரு வாளை ‘ஃபேடர்’ என்று சொல்லி நீட்டினால் முதலில் மடல் இருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் நுனியை ஊன்றி அழுத்திப் பாருங்கள். மடல் இருந்தும் அலகு வளையவில்லை என்றால் அது தனிப்பயிற்சிக்கு உதவும், மோதலுக்கு வேண்டாம்.