குழந்தையின் தலையில் பிறவிக் கட்டியா? மருத்துவரோடு ரேஷன் கார்டையும் பாருங்கள்

புருவத்தின் வெளி ஓரத்தில் கொண்டைக்கடலை அளவில் ஒரு கட்டி. ஒரு வயதுப் பெண் குழந்தை. அறுவைக்குத் தேதி கிடைத்த பிறகு, மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் தாய்க்குக் கிடைத்த பதில்: "அட்டையில் குழந்தையின் பெயர் இல்லையே அம்மா." குழந்தை அவர் இடுப்பில்தான் இருந்தது. கணினியில் இல்லை. அதற்காக ஏழு வாரம் அலைந்தார்.

அது டெர்மாய்டு கட்டி: கருவில் தோலின் ஒரு துணுக்கு உள்ளே சிக்கி மெல்ல வளர்வது. வலிக்காது. புருவ ஓரத்தில் இருந்தால் பெரும்பாலும் ஆபத்தில்லை. மூக்குத் தண்டு, உச்சந்தலை, பின்மண்டை என நடுக்கோட்டில் இருந்தால் உள்ளே மூளைவரை பாதை இருக்கலாம். சீழ் பிடித்தால் மூளைக்காய்ச்சல் வரக்கூடும். அழுத்தவோ ஊசியால் குத்தவோ யாரையும் விடாதீர்கள்.

தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை செலவை ஏற்கிறது. அறிவிப்பு அவ்வளவுதான். அலைச்சல் இனிமேல்தான்.

ரேஷன் கார்டில் பெயர் இருந்தால்தான் காப்பீட்டில் சேர்க்க முடியும். ரேஷன் கார்டில் சேர்க்கப் பிறப்புச் சான்று வேண்டும். அந்தச் சான்றிலோ பல குழந்தைகளுக்குப் பெயர்க் கட்டம் காலியாகவே கிடக்கிறது. பிறப்பைப் பதிந்த ஓராண்டுக்குள் பெயர் சேர்த்தால் கட்டணம் இல்லை. ஆகவே கட்டியைக் கண்ட அன்றே, ஸ்கேனுக்குக் காத்திராமல், இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள். ரேஷன் கார்டில் ஏறிய பெயர் தானாகக் காப்பீட்டில் ஏறிவிடும் என்று நம்பி வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள்; கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போய், திரையில் குழந்தையின் பெயரைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். வருமானச் சான்றை இ-சேவை மையம் வழியாகக் கேட்டு, விண்ணப்ப எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலர் "நாளை வாருங்கள்" என்னும்போது கையில் காட்ட ஏதாவது இருக்க வேண்டும்.

அடுத்த பொறி ஒரு சொல்லில் இருக்கிறது: அழகு. முகத்தில் கட்டி என்றதும் அழகுக்கான அறுவை என்று ஒதுக்கிவிட வாய்ப்பு உண்டு; அதற்குக் காப்பீடு கிடையாது. கட்டி எங்கே இருக்கிறது, எலும்பை அரித்திருக்கிறதா, உள்ளே பாதை இருக்கிறதா என்பதையெல்லாம் கடிதத்தில் எழுதித் தரும்படி அறுவை மருத்துவரிடம் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

அங்கன்வாடிக்கோ பள்ளிக்கோ வரும் ராஷ்டிரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் (குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டம்) மருத்துவக் குழு கட்டியைக் கண்டுபிடிப்பதும் உண்டு. அவர்களுடைய 30 நோய்ப் பட்டியலில் டெர்மாய்டு என்ற பெயர் இல்லை. அதைச் சொல்லி யாராவது கைவிரித்தால் வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள். பரிந்துரைச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் அறுவைப் பிரிவுக்குப் போங்கள். காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும் அங்கே பார்ப்பார்கள்.

தனியார் மருத்துவமனை என்றால், காப்பீட்டின் முன் அனுமதி வருவதற்குள் முன்பணம் கட்டாதீர்கள். இது பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு திரும்பப் பெறும் திட்டம் அல்ல. பணம் கேட்டால் ரசீது கேளுங்கள். 1800 425 3993 என்ற திட்டத்தின் கட்டணமில்லா எண்ணுக்கு அங்கிருந்தபடியே பேசுங்கள்.

அந்தத் தாய் எட்டாவது வாரம் எல்லாத் தாள்களோடும் வந்தார். ஸ்கேன் பழையதாகிவிட்டது, புதிதாக எடுத்து வாருங்கள் என்றார்கள்.